முற்றத்தோடை முடியிற ஒத்திகை

“இந்த முறை மேல்மாடிக் கிறில் கதவைத் திறவுங்கோ ஐயா. சனம் மேலை ஏறவேணும்.”

லவீனா சொல்லி வாய் மூடவில்லை, சுதாகரன் சேரின் கால் மேசைக்குக் கீழால் வந்து அவளின் காலை மிதித்தது. வரும்போது வாகனத்துக்குள் அவர் சொன்ன ஒரேயொரு புத்திமதியே இதுதான். எதை வேணுமெண்டாலும் கேள், குடிதண்ணி கேள், மலசலகூடம் கேள், மேல்மாடியைப் பற்றி மட்டும் மூச்சு விடாதை. ஏன் சேர் என்றதற்கு, அது அப்பிடித்தான் பிள்ளை என்று வெளியே பார்த்துக்கொண்டார். காரணம் சொல்லாமல் வாயைப் பொத்தச் சொன்னால் லவீனாவுக்கு வாய் இரண்டாகும். கம்பஸுக்குப் போய்ப் படிச்சும் உந்த வாய் அடங்கேல்லை என்பது அவளின் அம்மா அருமைநாயகியின் நிரந்தரக் கவலை.

அவர்கள் வந்திருந்த பொதுமண்டபத்தின் மேல்மாடி அரசாங்கத்தின் அனர்த்த மானியத்தில் எழும்பியது. கடல் ஏறினாலோ புயல் அடித்தாலோ மீன்பிடிக்கிற கரைச் சனம், லவீனாவின் ஆட்கள், ஓடிவந்து தங்கவென்றே கட்டியது. அடுத்த மானியமும் வரவேண்டுமென்றால் வருசா வருசம் ஒத்திகை நடத்திக் காட்டவேண்டும். வருகிற சனிக்கிழமை ஒத்திகை. பார்வையிடக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அலுவலகத்தில் ஒத்திகைக்குப் பொறுப்பு லவீனா. ஒப்பந்த வேலை, மார்கழியோடு முடியும். நீட்டுவதும் வெட்டுவதும் சுதாகரன் சேரின் கையில்.

மண்டபத் தலைவர் கதிரவேலு, ஓய்வுபெற்ற அதிபர், கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சிரித்தபடி தேத்தண்ணியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கிறில் பூட்டின் திறப்பு மண்டபச் செயலாளரிடம் இருக்கிறது, அவர் மகளைப் பார்க்கக் கனடா போய்விட்டார் என்றார். வேறு திறப்பு இருக்குமே என்றாள். இருக்கிறதாம், ஆனால் மேலே சீமெந்து மூட்டை அடுக்கியிருக்கிறதாம். மூட்டையை ஒதுக்க ஆள் தருகிறேன் என்றாள். படியெல்லாம் கறையான் என்றார்.

“கொங்கிறீற்றுப் படியிலை கறையானோ ஐயா?”

சேரின் கால் மறுபடி மிதித்தது. இந்த முறை நோகவே மிதித்தது.

சீமெந்தும் இல்லை, கறையானும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போன கிழமை முற்றத்தை அளக்கவென்று வந்தவள், படியால் ஏறி, கிறில் கம்பிக்குள்ளால் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்திருந்தாள். கள்ளனைப் பிடிக்கிற எண்ணத்தோடுதான் ஏறினாள். மானியத்தில் வாங்கின மெத்தைகளை ஆரோ விற்றுத் தின்றிருப்பான், அதுதான் மேலே விடுகிறார்களில்லை என்று முழுதாக நம்பியிருந்தாள். ஆனால் மெத்தைகள் பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் அடுக்கியபடி இருந்தன. தண்ணீர்த் தாங்கி, லாம்புகள், எல்லாம் இருந்தன. கள்ளன் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். கள்ளனும் இல்லாமல் எதற்குப் பூட்டு?

போன கார்த்திகைப் புயலுக்கும் இதே பூட்டுத்தான். அம்மா, கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டு ஜெசிதா அக்கா, கரைச் சனம் முழுக்க முற்றத்துக் கொட்டகைக்குள் விடியும்வரை நின்றது. கொட்டகைத் தகரத்தில் பாதி காற்றோடு போனது. நல்லகாலம், கடல் அன்றைக்கு வரவில்லை.

“நீங்கள் சனிக்கிழமை காட்டப்போறது முற்றத்தை. கடல் ஏறினால் முற்றத்திலையும் இடுப்பளவு தண்ணி நிக்கும். அப்ப எங்கடை சனம் நீந்திறதோ?” என்று கேட்டாள் லவீனா.

சுதாகரன் சேர் உடனே குறுக்கே விழுந்தார். ஒத்திகைதானே, சனம் ஒழுங்காக வந்து முற்றத்தில் நின்றால் போதும், தேத்தண்ணியும் பணிசும் கொடுப்போம், படம் எடுப்போம், கொழும்பு ஆட்களுக்கு அது காணும் என்று அடுக்கினார். கதிரவேலு தலையாட்டினார். பிறகு லவீனாவின் பக்கம் திரும்பி, சொந்த மகளோடு கதைக்கிற குரலில் சொன்னார்.

“பிள்ளை, மேலை பண்ணிசை வகுப்பு நடக்கிறது. சாமிப் படம் இருக்கு. மீன் வெடில் மணம் ஒருக்காப் பிடிச்சுதெண்டால் லேசிலை போகாது. உம்மைச் சொல்லேல்லை. நீர் படிச்ச பிள்ளை, நீர் எப்பவும் மேலை வரலாம்.”

அவளுக்குப் போன வருச ஒத்திகை நினைவுக்கு வந்தது. சனம் கலைந்த பிறகு, விட்டுவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். காவலாளி குழாயைப் பிடித்து முற்றம் முழுக்கக் கழுவிக்கொண்டிருந்தார். கதிரைகள் கவிழ்ந்து கிடந்தன. மஞ்சள் மணத்தது. என்ன துப்பரவான ஆட்கள் என்று வீட்டில் போய்ப் புகழ்ந்தாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமல் அடுத்த மீனை எடுத்து வெட்டினார்.

லவீனா சேரைப் பார்த்தாள். அவர் பேனை மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாய் இருந்தார்.

“உங்களுக்கு முதலே தெரியும், என்ன சேர்?”

“இவையைப் பகைச்சால் மண்டபமே இல்லைப் பிள்ளை,” என்றார் அவர், பேனையைப் பார்த்தபடி. “இப்ப முற்றமாவது கிடைக்குது. உம்மடை வேலையையும் ஒருக்கா யோசியும்.”

யோசிக்க அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. குரலை இறக்கி, சனிக்கிழமை சனத்தைக் கரையிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது தான்தானே என்று கேட்டாள். ஓம், ஓம், நீர்தான் என்றார்கள் இருவரும், பெரிய நிம்மதியோடு. கதிரவேலு தேத்தண்ணி ஆறுகிறது என்று நினைவூட்டினார். அவள் குடிக்கவில்லை. ஒத்திகைக்கென்று கொண்டுவந்து மூலையில் வைத்திருந்த கை ஒலிபெருக்கியைத் தூக்கித் தோளில் கொழுவிக்கொண்டு எழும்பினாள். வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்றே, கரைச் சங்கத் தலைவர் சிமியோனுக்குப் போன் எடுத்தாள்.

“சிமியோன் அண்ணை, சனிக்கிழமை எல்லாரையும் பாய் தலைகாணியோடை வரச் சொல்லுங்கோ. ஓம், மேலைதான். இல்லை, முற்றத்திலை ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை. கிறில் பூட்டியிருந்தால் எல்லாருமாய்ப் படியிலை இருப்பம். கொழும்பு ஆக்கள் வந்து திறப்பைக் கேக்கட்டும்.”

உள்ளே கதிரை ஒன்று பின்னுக்கு இழுபட்டது. பிள்ளை, பிள்ளை, நில்லும் என்ற சுதாகரன் சேரின் குரல் வந்தது. வேலை போகும் என்ற மிரட்டலும் அதில் இருந்தது. லவீனா குனிந்து செருப்பைக் கொழுவினாள். முற்றம் காய்ந்து, பளிச்சென்று கிடந்தது. ஓரத்தால் போகாமல், அதன் நடுவால் நடந்து படலையைத் திறந்தாள்.