பெயர் போனது, படம் போகவில்லை

ஸ்கேன் அறையிலிருந்து நோயாளியின் பெயர் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. வயதும் போனது. படம் மட்டும் போகவில்லை.

இந்தச் சின்ன மருத்துவமனையின் இணைய இணைப்புகளைக் கட்டி மேய்க்கும் அவளை எல்லோரும் ‘வயரு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயருக்கே விளங்கவில்லை. ஒரே வழிதானே, பெயரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எது மறிக்கிறது?

சர்வர் அறை வாசலில் வந்து நின்றாள் அக்கா. அதே மருத்துவமனையில் நர்ஸ்.

“ஏண்டி, சாரத்துலேர்ந்து விழுந்தவருக்கு ஒரு கண்மணி பெருசாயிட்டே வருது. மூளைக்குள்ள ரத்தம். மண்டையில எங்க துளை போடணும்னு நகரத்துப் பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துட்டு போன்ல சொல்லணும். நம்ம டூட்டி டாக்டருக்கு இது முதல் தடவை.”

“போன்ல படம் புடிச்சு அனுப்பேன்க்கா!”

“அனுப்பிட்டேன். மங்கலா இருக்கு, இதை நம்பி மண்டையைத் திறக்க முடியாதுங்கறார். ரௌட்டர் டப்பா எரிஞ்சா வேற டப்பா வாங்காம, கம்ப்யூட்டருக்குள்ள பொம்மை வீடு கட்டி விளையாடுறியே நீ!”

மருத்துவமனையிலிருந்து வெளியே போகும் தகவலுக்கு வழிகாட்டும் பெட்டிதான் ரௌட்டர்; அது எரிந்துபோயிருந்தது. புது ரௌட்டர் வர மூன்று வாரமாகும். அதனால்தான் ரௌட்டரின் இயங்குதளத்தை மட்டும் ஒரு பழைய சர்வரில் கண்டெய்னருக்குள் ஓடவிட்டிருந்தாள். கண்டெய்னர் என்பது சர்வருக்குள் தடுத்த ஓர் அறை. உள்ளே இருப்பதற்கு நாம் காட்டுவதுதான் உலகம். நிஜக் கம்பிக்குப் பதில் கற்பனைக் கம்பி ஒன்றைக் கொடுத்தால், ரௌட்டர் அதை நம்பிக்கொண்டு வேலை பார்க்கும்.

கற்பனைக் கம்பி. அதன் அகலம் எவ்வளவு?

இணையத்தில் தகவல் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். பெயர் ஒரு குட்டிப் பொட்டலத்தில் அடங்கிவிடும். படத்தையோ முழு அளவுப் பொட்டலங்களாகத்தான் அனுப்புவார்கள். அவசரமாகச் சோதனைப் பொட்டலங்களை அனுப்பினாள். 1400 பைட் போய்த் திரும்பியது. 1500 போன இடம் தெரியவில்லை. 1450 இல்லை. 1420 வந்தது. 1421?

வரவில்லை.

“அடிப்பாவி!” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வெளியே போகும் லைன் 1420-க்கு மேல் தாங்காது. எரிந்துபோன டப்பாவில் அந்த அளவை யாரோ எழுதிவைத்திருந்தார்கள், கம்பி செருகும் அதன் நிஜ வாசல் ஒன்றின் பெயரில். கண்டெய்னருக்குள் அந்தப் பெயரில் வாசலே கிடையாது. பழைய டப்பாவின் அமைப்புகளை இதில் ஏற்றியபோது அந்த ஒரு வரி மட்டும் தவறியது. சிவப்பு எழுத்தில் வந்த எச்சரிக்கையை, போனால் போகிறது என்று விட்டவளும் அவள்தான். போதாததற்கு, ‘பொட்டலம் பெரிது, சின்னதாக அனுப்பு’ என்று லைன் திருப்பிச் சொல்லும் செய்தியையும் பாதுகாப்பு என்று நினைத்து நேற்று அடைத்துவிட்டிருந்தாள்.

விசைப்பலகையில் மளமளவென்று தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, ஓடு! மறுபடி அனுப்பச் சொல்லு!”

“இந்தத் தடவையாவது போகுமா?”

“ஓடுக்கா!”

ஸ்கேன் அறையில் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். நடைவழி தாண்டி நகரத்துப் பெரிய டாக்டரின் குரல் கேட்டது: “வந்துடுச்சு. வலது பக்கம், காதுக்கு மேல. நான் சொல்ற இடத்துல பேனாவால ஒரு புள்ளி வைங்க.”

வயரு சுவரில் சாய்ந்தாள். அவள் மாற்றியது இரண்டே இடம்தான். கண்டெய்னருக்குள் ரௌட்டரின் வெளிவாசலுக்குப் பொட்டல அளவு 1420 என்று எழுதினாள். ‘பெரிது’ என்று சொல்லும் செய்திக்கு வழியைத் திறந்துவிட்டாள்.