கல்யாணமானவர்கள் பக்கம்

எங்கள் பூப்பந்து கிளப்பில் காணும் பொங்கலன்று காலை கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம் நடக்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். தி. நகரில் ஒரு காலி மனைதான் மைதானம். 1974-ஆம் ஆண்டு ஆட்டத்தில் சிதம்பரநாதன் வலையைச் சுற்றிப் போய் ஆகாதவர்களோடு நின்றுகொண்டார். அவருக்கு வயது அறுபத்து மூன்று.

கல்யாணமானவர்கள் பக்கத்துக் கேப்டன் அவருடைய மகன் அய்யாதுரை. என்னப்பா இது என்று கேட்டார்.

"உங்கம்மா போயி ஆறு வருசமாச்சு. இப்ப எனக்குப் பொண்டாட்டி உண்டால? இல்லைல்லா. அப்ப நான் இந்தப் பக்கந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

என் மனைவி நீரஜா இறந்து ஓராண்டு கடந்திருந்தது. மஞ்சள்காமாலை. அவளுக்கு இருபத்தைந்து வயது, எனக்கு முப்பது. என்னை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அய்யாதுரை மட்டையால் தன் பக்கத்துப் பின்வரிசையைக் காட்டினார். போய் நின்றேன்.

அந்த ஆட்டத்தில் வேறு ஒன்றும் அடங்கியிருந்தது. சிதம்பரநாதனுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். விளையாட்டை விட்டுவிடும்படி மகன் மாதக்கணக்கில் கெஞ்சினார். கடைசியில் எங்கள் முன்னால் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இந்த ஆட்டத்தைத் தகப்பனார் உட்காராமல் முழுவதும் ஆடிவிட்டால் மகன் இனிமேல் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நடுவில் உட்கார்ந்தால் தகப்பனார் இனி மைதானத்துக்கு வரக் கூடாது. உஸ்மான் ரோட்டு ஜவுளிக்கடையை அவர் ஏற்கெனவே மகனிடம் விட்டுவிட்டார். இந்தக் காலை நேரம்தான் அவருக்கு மிச்சம்.

முந்தைய வாரம் அவர் ஒரு செய்தித்தாளை மடித்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். நாடு சுதந்திரம் அடைந்தபோது முப்பத்திரண்டாக இருந்த சராசரி ஆயுள் இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டது என்று அதில் போட்டிருந்தது. அப்படியானால் தன்னைப் போன்றவர்களுக்கு வயது குறைந்துவிட்டதாக அர்த்தமா என்று கேட்டார். இல்லை என்றேன். முன்பைவிடக் குறைவான குழந்தைகள் சாகின்றன, சராசரி பெரும்பாலும் அதனால்தான் ஏறுகிறது, அறுபது வயதின் முழங்கால் அறுபது வயதின் முழங்கால்தான் என்று விளக்கினேன். படித்தவனிடம் கேட்டது தன் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டம் தொடங்கும் முன் அய்யாதுரை எங்களிடம் தணிந்த குரலில் திட்டத்தைச் சொன்னார். எல்லாப் பந்தும் அப்பாவுக்குப் போக வேண்டும். களைத்துத் தானாக உட்காருவார்.

"கேவலமாத்தான் இருக்கு சார். ஆனா அவர் உயிரோட இருக்கணும்."

சொன்னபடி செய்தேன். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலையை ஒட்டி ஒன்று. அவர் ஓடினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை.

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது செட்டை நாகராஜ் ஒருவனே அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தான். அவன் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் விளக்குப் பிடிப்பவன். பந்தைக் குனிந்தும் எடுப்பான், குதித்தும் எடுப்பான்.

இடைவேளையில் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். சிதம்பரநாதன் மட்டும் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது இளமையாக இருக்கிறதா என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"எங்கய்யா நாப்பத்தேழு வயசுல போயிட்டாரு. இப்ப அவரு எதுக்க வந்தா நான் அவருக்கு அண்ணன். இந்த வயசுல எப்படி இருக்கணும்னு எங்க வீட்ல எவனும் இருந்து காட்டல தம்பி. இளமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முட்டு வலிக்கி. ஆனா இன்னும் ஒரு செட்டு இருக்குல்லா."

அப்போது தெருமுனையில் ஸ்டுடியோ வேன் வந்து ஹாரன் அடித்தது. நாகராஜ் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"கம்பெனி வண்டி வந்துகீது. இன்னா பெருசு, உக்காந்துடாத. உன்ன நம்பித்தான் போறேன்."

ஆகாதவர்கள் நான்கு பேரானார்கள். அவர்களுக்கு மாற்று ஆள் இல்லை. எங்கள் பக்கம் எப்போதும் ஆள் மிச்சம். கிளப்பில் பாதிப் பேருக்குமேல் கல்யாணமானவர்கள்தான். நான்கு பேர் ஆடினால் பின்வரிசை முழுவதையும் சிதம்பரநாதன் தனியாகப் பார்க்க வேண்டும். அது நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அய்யாதுரை ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கம்பத்தருகே வைத்தார். போதும்ப்பா, ஆட்டம் சமன் என்று வைத்துக்கொள்வோம் என்றார். குரல் கனிவாகத்தான் இருந்தது. சிதம்பரநாதன் நாற்காலியைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை. உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தார்.

நான் எழுந்து வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனேன்.

"சார், நீங்க நம்ம பக்கம்" என்றார் அய்யாதுரை.

"இல்ல. நீரஜா செத்துப்போயிட்டா. நான் இங்கதான் நிக்கணும்."

அதுவரை அதை மற்றவர்கள்தான் சொல்லியிருந்தார்கள். தவறிவிட்டாள் என்றார்கள், போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். என் வாயால் சொன்னது அன்றுதான். சிதம்பரநாதன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அப்படியானால் நீ பின்னால் நில், நான் முன்னால் நிற்கிறேன் என்றார்.

மூன்றாவது செட். அய்யாதுரை தன் திட்டத்தை மாற்றவில்லை. தகப்பனாரின் தலைக்கு மேலாகத் தூக்கித் தூக்கிப் போட்டார். அவையெல்லாம் இப்போது என்னுடையவை. ஓடினேன். தொண்டை வறண்டது, விலா குத்தியது, உள்ளங்கையில் தோல் உரிந்தது. வலையருகே வந்த பந்துகளை அவர் மணிக்கட்டை மட்டும் அசைத்துச் செத்த பந்துகளாக்கினார். ஒன்றைத் தன் மகனின் காலடியிலேயே போட்டுவிட்டு, எடுல பார்ப்போம் என்றார். மகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். கடைசிப் பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், பந்து மண்ணில் கிடந்தது.

"அது உன் பந்துல்லா?"

"உங்க பந்து. உங்க தோளுக்கு நேரா வந்துது."

"தோளுக்கு மேல வந்தா பின்னால நிக்கிறவன் எடுக்கணும். கண்ணு எங்கல வச்சிருந்த?"

நானும் விடவில்லை. கோடு கிழித்துக் காட்டினேன். என் குரல் தெருவரை கேட்டிருக்கும். ஓராண்டாக என்னோடு யாரும் சண்டை போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சிதம்பரநாதன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டது. இனி உட்காரலாம் என்று யாரோ நினைவூட்டினார்கள். உட்கார்ந்தார். கான்வாஸ் ஷூவைக் கழற்றக் குனிய முடியவில்லை. அய்யாதுரை அவர் முன்னால் குத்துக்காலிட்டு நாடாவை அவிழ்த்தார். நாளைக்கு ஆட வருவதற்கு முன்னால், இன்று சாயங்காலமே டாக்டரிடம் பிரஷர் பார்த்துவிட வேண்டும் என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"நாளைக்கு" என்ற சொல்லை எல்லோரும் கேட்டோம். சிதம்பரநாதன் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மட்டையால் என்னைச் சுட்டினார்.

"இவன் நாளைக்கும் என் பக்கம் ஆடட்டும். அந்தப் பந்து யாருதுன்னு தீர்க்கணும்."

ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.