தோளில் உட்காராத துப்பாக்கி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். ஆகவே அம்மாவின் முழங்கால் வலியிலிருந்து அப்பாவின் படகு எஞ்சின் வரை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தாக வேண்டும். நான் படித்தது வரலாறு. அதிலும் துப்பாக்கி கிடையாது.

நான் வேலை பார்க்கும் வட நார்வேயின் ட்ரோம்ஸோ அருங்காட்சியகத்தில் மறுநாள் துருவ வேட்டைக் கண்காட்சி திறக்கிறது. அப்பா ஒரு எண்ணெய்த் துணி மூட்டையோடு வந்து நின்றார். மீன் தொழிற்சாலை பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"மாரென், இது என் தாத்தா அஸ்லாக்கோட துப்பாக்கி. ஸ்வால்பார்ட் தீவுல பனிக்கரடிக்கு எதிர்ல நின்னு சுட்டது. நல்ல இடமா பாத்து வை."

துறைமுகம் முழுக்கச் சொல்லியாயிற்று. திறப்பு விழாவில் இரண்டு வார்த்தை பேசவும் போகிறாராம்.

அருங்காட்சியகத் தலைவி ஹெட்டா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள். "ராஜ முத்திரை இல்ல, பட்டறை பேர் இல்ல, எண் இல்ல. அராவி எடுத்திருக்காங்க. ராணுவக் கிடங்குல திருடினா இப்படித்தான் செய்வாங்க, ஹால்வார்."

ஹெட்டாவும் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவளுடைய அப்பா மருத்துவர். மேலே நின்று பேசுகிற அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "திருட்டா, இல்லையா? நீ சொல்லு. நீதானே படிச்சவ."

ஒற்றைத் தோட்டா வகை என்பது மட்டும் தெரிந்தது. சுத்தியலை இழுத்து, பின்பக்க அடைப்பை உருட்டித் திறந்து, ஒரு தோட்டா போட வேண்டும். நார்வேயும் இதைச் செய்தது, ஸ்வீடனும் செய்தது. தோட்டா அறையில் உருக்கிய கந்தகத்தை ஊற்றி அச்செடுத்தேன். ஏறக்குறைய பன்னிரண்டு மில்லிமீட்டர். அதுவும் இரண்டு நாட்டுக்கும் பொது. அப்போது ராஜாவும் ஒருவர்தான். தோளில் பதிகிற பின்கட்டை பிர்ச் மரம் மாதிரி இருந்தது, ஆனால் அதை எவனாவது மாற்றியிருக்கலாம். ஒரு பாகம் சொன்னதை அடுத்த பாகம் பொய் என்றது.

குழலை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். முனையில் குறிமுள்ளே இல்லை.

"இது இல்லாம எப்படி குறி பார்த்தார்?"

"பக்கத்துல நின்னு சுட்டவருக்குக் குறி எதுக்கு?" அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது.

முத்திரை இருக்க வேண்டிய இடத்தை லென்ஸில் பார்த்தேன். அரத்தால் தேய்த்திருந்தால் கோடு விழுந்திருக்கும். அங்கே அம்மைத் தழும்பு போலக் குழிகள். துரு தின்றது. முத்திரையை மனிதர் யாரும் எடுக்கவில்லை, உப்புப் பனி எடுத்திருக்கிறது.

"திருட்டு இல்லப்பா," என்றேன். ஹெட்டாவிடம், "நீங்க மன்னிப்புக் கேக்கணும்," என்றேன்.

லென்ஸை வாங்கிப் பார்த்தாள். "சரி. அவசரப்பட்டுட்டேன், ஹால்வார்." காப்பி போடப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் குழப்பம் கூடியது. உயிரைக் காக்கிற துப்பாக்கியை எந்த வேட்டைக்காரன் குளிர்காலம் முழுக்க வெளியே போட்டு வைப்பான்?

படம் எடுக்கலாம் என்று அப்பாவைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். தோளில் உட்காரவில்லை. பின்கட்டையையும் பாதியோடு அறுத்திருந்தார்கள். கன்னம் வைக்க இடமில்லை. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தாத்தா குள்ளமோ என்னவோ."

"நிலைப்படியில தலை இடிக்கிற ஆளுன்னு சொன்னது யாரு?"

அப்போதுதான் விசையைப் பார்த்தேன். வருஷக்கணக்காக விரல் பட்டால் வழவழப்பாகும். இதில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடியது. கயிறு அறுத்த பள்ளம்.

மாடிப்படிக்குக் கீழே நாங்கள் துடைப்பம் போட்டு வைத்திருந்த நீளப் பெட்டியை இழுத்து வந்து, கவிழ்த்துக் கொட்டி நிமிர்த்தினேன். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கரடிப் பொறிதான், அதை வைத்துப் பெருமை பேசத்தான் ஆள் கிடையாது. நான்கு கால் கொடுத்து அதைப் பனியில் நிறுத்துவார்கள். உள்ளே துப்பாக்கி, குழல்வாய்க்கு முன்னால் இறைச்சி, இறைச்சியிலிருந்து விசைக்குக் கயிறு. கரடி தலையை நுழைத்துக் கவ்வினால் முடிந்தது.

துப்பாக்கி அதற்குள் தொட்டிலில் பிள்ளை போலப் படுத்துக்கொண்டது. ஆணி ஓட்டைகள் மட்டும் ஒரு விரல் தள்ளி இருந்தன. இது வேறு யாரோ அடித்த பெட்டி.

அப்பா பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"அப்ப தாத்தா எங்க இருந்தார்?"

"குடிசையில. தூங்கியிருப்பார்."

"கரடி தன்னைத்தானே சுட்டுக்கிச்சா?"

"ஆமா."

"அதுக்குத் திருடனாவே இருந்திருக்கலாம்." பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார், ஏனென்று தெரியவில்லை. மறுபடி மாட்டினார். "நாளைக்கு நான் என்னத்தப் பேச?"

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. தூங்கிய கிழவர் மேலா? வீரம் என்றால் எதிரே நிற்பதுதான் என்று சொல்லி வளர்த்த இந்த வீட்டின் மேலா? கண்காட்சிக்கான விளக்க அட்டையை எடுத்து எழுதினேன்.

செய்த நாடு: நார்வே அல்லது ஸ்வீடன்.
செய்தவர்: தெரியவில்லை.
சுட்டது: கரடி.

அப்பா குனிந்து படித்தார். "அஸ்லாக் பேர் எங்க?"

"போடணுமா?"

"அவர் துப்பாக்கிதானே. போடு. எந்த எடத்துலன்னு நீயே பாத்துக்க."

செய்தவர் பக்கத்தில் போட முடியாது. சுட்டது பக்கத்திலும் முடியாது. பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். ஹெட்டா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது. கடைசியில் கீழே ஒரு வரி சேர்த்தேன்.

பொறி வைத்தவர்: அஸ்லாக்.

அப்பா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"கொஞ்சம் சின்ன எழுத்தா போடு," என்றார்.