பேட்ஜ் மாட்டாத நாட்கள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பொறாமை என்னுடையதுதான். வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்ததால் அக்கா என்று ஒருத்தியை உண்டாக்கி அவள் தலையில் கட்டிவிட்டேன். வயது நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். கை சுத்தம், வாய் கொஞ்சம் அதிகம்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'தங்கை தும்மினால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும்.' நல்ல வரிதான். ஆனால் படிக்கிறவர்களின் அனுதாபம் தங்கைக்குப் போகிறது, வழக்கம்போல. அடித்துவிட்டேன்.

2

அப்பாவின் வேலையைச் சொல்லாமல் கதை நகராது. குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சு பாய்ச்சிப் படமெடுப்பார். உடம்பில் எவ்வளவு பட்டது என்று கணக்கெடுக்கச் சட்டையில் ஒரு பேட்ஜ். அக்கா பிறந்த மறுவருடம், கதிர்வீசும் துண்டு கருவிக்குள் திரும்பாமல் வெளியே சிக்கிக்கொண்டது. அப்பா கிட்டே போய் அதை விடுவித்தார். அதற்குப் பிறகு பிறந்தவள் தங்கை.

[பெற்றவர்மேல் பட்ட கதிர்வீச்சு, பிள்ளையின் மரபணு எழுத்தை மாற்றாமலே, எதைப் படி, எதை விடு என்று ஓரத்தில் போட்ட குறிகளை மட்டும் மாற்றலாமாம். எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் உறுதியாகவில்லை. அந்த 'உறுதியாகவில்லை'யை வைத்துக்கொண்டுதான் அப்பா முப்பத்தெட்டு வருடமாகத் தங்கையைத் தாங்குகிறார்.]

தங்கைக்குக் காய்ச்சலென்றால் டாக்டர். அக்காவுக்கென்றால் "வெந்நி குடிச்சிட்டுப் படு." தங்கை பரீட்சையில் தோற்றால் அது அப்பாவின் தப்பு. அக்கா தோற்றால் அக்காவின் தப்பு. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. (அவளுக்கு. அவளுக்குத்தான் எரிகிறது.)

3

ஆய்வுக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். தங்கையின் ரத்தத்தை எடுத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"என்னுது எதுக்கு?"

"நீங்க விபத்துக்கு முன்னாடி பொறந்தவங்க. உங்களோட ஒப்பிட்டாத்தான் தங்கச்சிகிட்ட என்ன மாறியிருக்குன்னு தெரியும்."

இதிலும் துணை வேஷம்தான். அக்கா கையை நீட்டினாள்.

அந்தப் பெண் பழைய பேட்ஜ் பதிவுகளையும் கொண்டுவந்திருந்தாள். விபத்துக்கு முந்தைய மூன்று வருடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே ஏறவில்லை. "ரொம்ப சுத்தமான பதிவு சார்," என்றாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

4

அவள் போனதும் அக்கா அப்பாவைச் சமையலறையில் மடக்கினாள்.

"மூணு வருஷத்துல ஒண்ணுமே ஏறலையாப்பா?"

"பேட்ஜ லாக்கர்ல வச்சிட்டுத்தாம்மா உள்ள போவோம். எல்லாரும்தான். அளவு ஏறிடுச்சுன்னா ஆபீஸ்ல உக்கார வச்சிருவாங்க, கூடுதல் நேரம் கிடைக்காது. அப்ப கல்யாணமான புதுசு."

"அப்ப நான் பொறக்கறதுக்கு முன்னாடியே..."

"ஆமா."

இந்த இடத்தில் 'அக்காவுக்குப் பயம் வந்தது' என்று எழுதியிருந்தேன். பொய். அவளுக்குச் சந்தோஷம் வந்தது. தன் உடம்பிலும் ஏதோ கெட்டிருக்கலாம் என்று தெரிந்து, நாற்பத்தொரு வயதில், அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டாள்.

"ஏம்ப்பா இத்தன வருஷம் சொல்லல?"

"உன் பக்கத்துலதாம்மா நான் பயமில்லாம உக்காருவேன். ஒரு பிள்ளையாவது என்னால கெடலன்னு நெனச்சாத்தான் எனக்குச் சாப்பாடு எறங்குது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிராத."

5

முடிவு ஒன்று. அக்கா சொல்லிவிடுகிறாள். அப்பாவுக்குப் பயப்பட இப்போது இரண்டு பிள்ளைகள். உட்கார ஓர் இடமில்லை.

முடிவு இரண்டு. சொல்லவில்லை. அக்காவின் ரத்தமும் அதே மாதிரி கெட்டிருந்தால், ஒப்பிடும்போது வித்தியாசம் தெரியாது; தங்கைக்கு எந்த மாற்றமும் இல்லை என்று அறிக்கை வரும். தங்கையை யாரும் கவனிக்கமாட்டார்கள். நிஜமாகவே அவளுக்கு ஏதாவது இருந்தாலும்.

கவனித்தீர்களா? சொன்னாலும் பொறாமைக்கு ஒன்று கிடைக்கிறது, சொல்லாவிட்டாலும் கிடைக்கிறது. நல்ல மனதோடு எடுக்க ஒரு முடிவுகூட மிச்சமில்லை.

முடிவு மூன்று. அக்கா தங்கையிடமே போய்...

வேண்டாம். தங்கை வாயைத் திறந்தால் எனக்கு அவளைப் பிடித்துவிடும்.

பேட்ஜ் பதிவெல்லாம் சரிதானே என்று கேட்க அந்தப் பெண் திங்கட்கிழமை போன் செய்வாள். உங்களுக்குப் பொறாமை இல்லை, அதனால் நீங்களே எடுத்துப் பேசுங்கள். கொஞ்சம் மெதுவாக. அப்பா பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.