மாற்றாமல் விட்ட ஒரு வரி

1
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. மஞ்சூர் ஜெராக்ஸ் கடையில் என் கையெழுத்துப் பிரதிகளை டைப் அடித்துத் தரும் அம்சவேணியுடையது. கேட்டு எடுத்தேனா என்றால், இல்லை. இதையும் அவரிடமே டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

2
முதல் தொடக்கம்: பனி மூடிய மலைச்சரிவில் ஒரு பெண்...

[பனியெல்லாம் வேண்டாமுங்க. அன்னைக்கு நல்ல வெயிலு. – அம்சவேணி]

சரி. பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்ட வருடம். பேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் இலை எடுத்தது. அம்சவேணியும் கணவர் ராசுவும் தங்கள் தோட்டத்து இலையைக் கையாலேயே உருட்டிக் காயவைத்தார்கள். நேரடியாக விற்க ஓர் இணையதளம் வேண்டியிருந்தது. பொங்கலுக்குள் ஆர்டர் வராவிட்டால் ராசு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதென்று பேச்சு.

3
கூடலூரில் யாரோ மிளகு விற்கும் இணையதளம் அம்சவேணிக்குப் பிடித்துப்போனது. ரைட் கிளிக் செய்து, 'இன்ஸ்பெக்ட்' அழுத்தி, பின்னால் இருக்கும் நிரலைத் திறந்து, மொத்தமாக நகலெடுத்தார். ஜெராக்ஸ் கடையில் இருப்பவருக்கு நகலெடுக்க என்ன கூச்சம்? மிளகு என்றிருந்த இடமெல்லாம் தேயிலை ஆனது. மிளகுக்கொடி இருந்த இடத்தில் ராசு கொழுந்து பறிக்கும் படம். வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது என்பதால் போன் நம்பர் போடவில்லை.

பொங்கல் முடிந்தது. ஓர் ஆர்டரும் இல்லை. ராசு பையைக் கட்டினார். திருப்பூர் வெயிலுக்கு எதற்கென்று ஸ்வெட்டரை மட்டும் வெளியே வைத்துவிட்டார்.

[இதை நான் சொல்லவே இல்லீங்களே. ஆனா நெசந்தானுங்க.]

4
இன்று காலை அம்சவேணி நிரலை மறுபடி திறந்து பார்த்தார். ஆர்டர் படிவம் எந்த மின்னஞ்சலுக்குப் போகவேண்டும் என்று சொல்லும் வரி, திரையில் தெரியாத வரி, அப்படியே இருந்தது. கூடலூர்க்காரரின் முகவரி. கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றியவர் அதை மாற்றவில்லை. தேயிலை கேட்டவர்களின் கடிதமெல்லாம் மிளகுக்காரருக்குப் போயிருக்கிறது.

5
முடிவு ஒன்று: கூடலூர்க்காரர் பெருந்தன்மையோடு சிரித்து...

[அவரை உங்களுக்குத் தெரியுமாங்க?]

தெரியாது.

முடிவு இரண்டு: அவர் கோபத்தில்...

[அதை எழுதாதீங்க. டைப் அடிக்கக் கை வரமாட்டேங்குது.]

படித்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. எழுதாமல் நிறுத்தினேன்.

6
நாளைக் காலை ராசுவுக்கு பஸ். அம்சவேணி கடைப் போனை எடுத்து, மிளகுத் தளத்தில் இருந்த எண்ணை அழுத்திவிட்டார்.

கூடலூரில் மிளகு விற்பவர் நீங்கள். ஊர்பேர் தெரியாதவர்கள் ஒரு மாதமாக ஏன் தேயிலை கேட்டு எழுதுகிறார்கள் என்று குழம்பிக்கொண்டிருப்பவரும் நீங்கள்தான். போன் அடிக்கிறது. எடுங்கள்.

"ஏனுங்க... உங்களுது ஒண்ணை உங்களைக் கேக்காம எடுத்துட்டேனுங்க."