உள்பக்கத்து பேட்

1.

"எழுதத் தெரியுது, வாயைத் திறந்து சொல்லத் தெரியாதா?"

அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்ட அன்றுதான் இந்தக் கதை பிறந்தது. அவன் கையில் என் நோட்டு இருந்தது. எங்கள் கார் பட்டறையில் பழைய டயர்களுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருக்கும் ஏழு நோட்டுகளில் கடைசி நோட்டு. அவனுக்குப் பதில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். இதுவும் சொல்லாமல் தப்பிப்பதுதானே என்று நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: 'மழை கொட்டிய ஒரு மாலையில் வெள்ளை நிற மின்சாரக் கார் ஒன்று பட்டறைக்குள்'

வேண்டாம். மழையே பெய்யவில்லை. காலை பதினொரு மணி, நல்ல வெயில்.

இரண்டாவது முயற்சி: 'அன்று நான் பட்டறையில் இல்லை.'

இந்த வரியை எழுதிவிட்டு ஒரு வாரம் நோட்டைத் தொடவில்லை. நான் இருந்தேன்.

3.

காரிலிருந்து இறங்கியவர் என் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்ட என்னைத் திரும்பக் கூட்டிப் போக இரண்டு முறை வீட்டுக்கு வந்தவர். இரண்டு முறையும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தேன். (ஏன் நின்றேன் என்பது பெரிய கதையில்லை. எழுந்து பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துவிடும். அவ்வளவுதான்.) மூன்று வருடம் கழித்தும் அவர் குரலைக் கேட்டதும் காரின் பின்னால் குந்திக்கொண்டேன்.

பின்பக்கம் கரகரவென்று அரைக்கிறது என்றார். அண்ணன் சக்கரத்தின் இடுக்கு வழியே போனில் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். வெளிப்பக்கத்து பிரேக் பேட் கனமாக இருந்தது, அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்கின் ஓரத்தில் துரு. மின்சாரக் காரில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடும், பின்பக்க பிரேக் சும்மா கிடந்து துருப்பிடிக்கும் என்று விளக்கினான்.

"வேலை செய்யாம சம்பளம் வாங்குது டீச்சர். நாலு நாள் நல்லா அழுத்தி மிதிங்க, சரியாயிடும்."

டீச்சர் சிரித்தார். பத்து கார்களில் ஒன்பதுக்கு இது சரியான வைத்தியம் என்பதை அண்ணனுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

இது பத்தாவது கார். துரு உரசினால் மணல் சரிகிற மாதிரி கேட்கும். இது உள்ளே வந்தபோது இரும்பை இரும்பு தின்றது. குந்தியிருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, வலது பின்சக்கர டிஸ்கின் உள்பக்கத்தைத் தடவினேன். சூடு. உழுத வயல் போல வரி வரியாகப் பள்ளம். உள்பக்கத்து பேட் தேய்ந்து தீர்ந்து, அதன் தகடுதான் டிஸ்கை அறுத்துக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால், 'நீ இங்கயா இருக்க?' என்பார்.

கார் போன பிறகு நோட்டில் எழுதினேன்: 'பின் வலது. உள் பேட் இல்லை. அண்ணன் வெளிப்பக்கம் மட்டும் பார்த்தான். 11.20.' நல்ல மாணவி மாதிரி நேரம் வேறு.

(அண்ணனிடமாவது சொல்லியிருக்கலாமே? பின்னால் ஒளிந்திருந்தது தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டேன். ஊமைக்கோட்டான் என்றுதான் அவன் என்னைக் கூப்பிடுவான்.)

4.

முதல் பிரதியில் டீச்சரின் கணவரைக் கொன்றுவிட்டேன். எழுதச் சுலபமாக இருந்தது. உண்மையில் அவர் உயிரோடு இருக்கிறார்.

டீச்சர் வீட்டு வாசல் சரிவான பாதை. கீழே கேட். ஐந்தாம் நாள் காலை அவர் கணவர் முன்னால் நடந்து போய் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். டீச்சர் காரை மெல்ல இறக்கினார். மோட்டார் பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குத்தான் போக வேண்டும்; ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டிருந்ததால், அதில் இடமில்லாமல் மோட்டார் பிரேக் பிடிக்கவில்லை. அழுத்தி மிதித்தார். தகடு நழுவியது, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் எண்ணெய் ஒழுகியது, மிதி ஆழமாக இறங்கியது. முன்பிரேக் காரை நிறுத்தத்தான் செய்தது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, ஒரு முழத் தூரத்தில்.

அந்த ஒரு முழத்தில் அவருடைய வலது கால் இருந்தது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

5.

கார் எங்களிடமே வந்தது. சக்கரத்தைக் கழற்றியதும் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பேட்களை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. அதனால்தான் உள்பக்கம் மட்டும் தேய்ந்தது. ஸ்கேனரைச் செருகி ஹேண்ட்பிரேக் மோட்டாரைப் பின்னுக்கு இழுத்தோம். புது டிஸ்க், புது பேட், புது காலிப்பர். ஊசிகளுக்குக் கிரீஸ் நான் தடவினேன். டயர்களுக்குப் பின்னால் கிரீஸ் டப்பாவைத் தேடியபோதுதான் அவனுக்கு நோட்டு கிடைத்தது.

அவன் கேட்டதை முதலிலேயே எழுதிவிட்டேன். அப்புறம் சொன்னது இது:

"டீச்சரே பழியை ஏத்துக்கிட்டாங்க. பக்கத்தைக் கிழிச்சுப் போடு."

அண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன், வரவில்லை. இப்போதெல்லாம் கதவுக் கைப்பிடி மாட்ட வந்த காருக்கும் நாலு சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறான். அப்படிப்பட்டவன் எப்படி வில்ல…

6.

டீச்சர் காரை எடுக்க வந்தார். நான் பின்னறையில் இருந்தேன். அவர் அண்ணனிடம் பேசியது தெளிவாகக் கேட்டது.

"உன்மேல தப்பில்லப்பா. முழுசா சார்ஜ் போட்டா இப்படின்னு நான் தெரிஞ்சு வச்சிருக்கணும். என் காலால அவர் காலை எடுத்துட்டேன்."

அண்ணன் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

முடிவு ஒன்று: நான் பின்னறையை விட்டு வரவில்லை. டீச்சர் ஆயுள் முழுக்கத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முடிவு இரண்டு: அண்ணன் சொல்கிறான். இந்த முடிவில் அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவது, நடந்தது. வெளியே வந்தேன். தொண்டை அடைத்தது. அடைத்தபடியே சொன்னேன்.

"உங்க கால் இல்ல டீச்சர். உள்பக்கத்து பேட் தீர்ந்துபோச்சு. அண்ணன் பாக்கல. நான் பாத்தேன். நீங்க வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். டீச்சர் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது. கண்டுகொண்டார்.

இதற்குமேல் அவர் என்னை அறைந்தார் என்று எழுதலாம். அழுதார் என்று எழுதலாம். மன்னித்தார் என்றுகூட எழுதலாம், அதற்கு எனக்குத்தான் யோக்கியதை இல்லை. உங்களுக்கு எது நியாயமோ எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு வரி இடம் விடுகிறேன்.

…………

…………

நான் பார்த்தது இவ்வளவுதான். அண்ணன் நீட்டிய சாவியை டீச்சர் வாங்கவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.