கிரேஸ் என்று யாரும் இல்லை

கம்பாலாவிலிருந்து விருந்தாளிகளின் வேன் வருவதற்குள் ஆயா நந்தோங்கோ சின்னவள் பாபிர்யேயைக் குளிப்பாட்டி, சொந்தக் கவுனை மாட்டிவிட்டாள். அநாதை இல்லத்தின் சீருடை கொடியிலேயே கிடந்தது.

இல்லத்தை நடத்துகிற பாஸ்டர் செகிட்டோ பார்த்துவிட்டார். "என்ன இது? முன்வரிசையில நின்னு பாடுற பிள்ளை."

"இவ அத்தை இன்னைக்கு வர்றா பாஸ்டர், கூட்டிட்டுப் போக."

"திங்கக்கிழமை வரச் சொல்லு. கிரேஸுக்கு இன்னைக்கு ஒரு குடும்பம் கிடைக்கப்போகுது. மாசாமாசம் உதவி வரும்."

கிரேஸ் என்பது விருந்தாளிகளுக்காக அவர் வைத்த பேர். பாபிர்யே என்று சொன்னால் ஆடு மேய்க்கிற பயலுக்கும் விஷயம் தெரிந்துவிடும்: இரட்டையில் முதலில் பிறந்த பெண்ணுக்குத்தான் அந்தப் பேர். அடுத்துப் பிறந்தவள் நகாட்டோ. ஆஸ்பத்திரியில் தாய் செத்து, தனியாகக் கொண்டுவரப்பட்ட குழந்தை தன் பேரைச் சொன்ன அன்றே நந்தோங்கோ போகிற வருகிற பஸ் கண்டக்டர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். பல மாதம் கழித்து முபெண்டே சந்தையிலிருந்து தகவல் வந்தது. நகாட்டோ அத்தையிடம் இருக்கிறாள். மூத்தவளைத்தான் தேடாத இடமில்லை.

உதவி வர ஆரம்பித்த எந்தப் பிள்ளையும் அந்த கேட்டைத் தாண்டிப் போனதில்லை. இன்று விட்டால் இவளும் போகமாட்டாள்.

விருந்தாளிகள் ஒரே நிறச் சட்டையில் இறங்கினார்கள். போன கூட்டம் மஞ்சள் அடித்த அதே சுவருக்கு நீலம் அடித்தார்கள்.

"நம்மளவிட இந்தச் சுவருதான் அதிகமா உடுப்பு மாத்துது அக்கா," என்றாள் களி கிண்டிக்கொண்டிருந்த நசூனா.

"வாயைக் குறைச்சுக் கையை ஆட்டு. அடிப்பிடிக்குது."

மேகன் என்ற இளம்பெண் பாபிர்யேயை மடியை விட்டு இறக்கவே இல்லை. உச்சியில் முத்தம் கொடுப்பதும் கன்னத்தைத் தடவுவதுமாக இருந்தாள். நாலு நாளில் விமானம் ஏறிவிடுவாள். அதற்கப்புறம் இரவெல்லாம் அழுகிற பிள்ளைகளைத் தோளில் போட்டு நடப்பது நந்தோங்கோதான்.

உச்சிவெயிலில் அத்தை வந்துவிட்டாள். பெரியவரைக் கண்டால் செய்கிற வழக்கப்படி, கேட்டுக்கு வெளியே மண்ணில் மண்டியிட்டுப் பாஸ்டரை வணங்கினாள். அவள் முதுகுத் துணிக்குள் ஒரு குழந்தை தூங்கியது. விருந்தாளிகளில் ஒருத்தி பிச்சைக்காரி என்று நினைத்து ரொட்டியோடு ஓடினாள்.

பாஸ்டர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில், "பாவம், பக்கத்து ஊர் ஏழை," என்றார். அந்த அளவு இங்கிலீஷ் நந்தோங்கோவுக்குப் புரியும்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நேராக மேகனிடம் போனாள். "குடு தாயி." மேகன் இறுக்கிக்கொண்டாள். நந்தோங்கோ விரல் விரலாகப் பிரித்துக் குழந்தையை எடுத்து, கேட்டைத் திறந்து, அத்தைக்கு முன்னால் நிறுத்தினாள். முதுகிலிருந்து மற்றவளும் இறங்கினாள். அதே நெற்றி, அதே தூக்கிய புருவம்.

"அது என் கவுனு," என்றாள் நகாட்டோ.

"என்னோடது. போடி."

சுவரோரம் தூரிகைகள் நின்றுவிட்டன. நரைத்த விருந்தாளி ஒருவர் பாஸ்டரிடம் என்னவோ கேட்டார். பாஸ்டர் நந்தோங்கோவின் காதருகே வந்தார்.

"உன் வேலைக்கு நீயே உலை வைக்கிற."

"என் வேலை பிள்ளை வளக்குறது பாஸ்டர். பிள்ளை பிடிக்கிறது இல்ல."

"சாயங்காலம் உன்கிட்ட பேசிக்கிறேன்."

"பேசுங்க. நான் எங்கயும் ஓடிறமாட்டேன்."

அத்தை அழுதுகொண்டே நந்தோங்கோவின் கையைப் பிடித்தாள். "போம்மா, வெயிலேறுது," என்று நந்தோங்கோ மூவரையும் வாடகை பைக்கில் ஏற்றினாள். பைக் மேடு ஏறி மறையும்வரை வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் உள்ளே வந்தாள்.

மேகன் விசும்பிக்கொண்டே, தவழ்ந்து வந்த அடுத்த குழந்தைக்குக் கையை நீட்டினாள். நந்தோங்கோ அதற்கு முன்னால் குனிந்து குழந்தையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். நீட்டிய கைகளில் மூத்திரத் துணி ஊறிய வாளியைக் கொடுத்தாள்.

"உதவத்தானே வந்தே? அழுதுகிட்டேகூட அலசலாம்."

மேகனுக்கு மொழி புரியவில்லை. வாளி புரிந்தது.